படியிலிருந்து சாய்வுக்கு: மன்னர் ஸ்நெஃப்ருவும் அவருடைய மூன்று பிரமிடுகளும்

எகிப்தில் பிரமிடுக்காக அதிகக் கல்லை அடுக்கிய மன்னர் யார் என்று கேட்டால், கீசாவில் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தப் பிரமிடின் கன அளவு ஏறத்தாழ 26 லட்சம் கன மீட்டர். கூஃபுவின் தந்தை ஸ்நெஃப்ரு கட்டியவை மூன்று பெரிய பிரமிடுகள்: மெய்தூம் என்ற இடத்தில் ஒன்று, தஹ்ஷூர் என்ற இடத்தில் வளைந்த பிரமிடு, சிவப்புப் பிரமிடு என்று இரண்டு. மூன்றையும் கூட்டினால் 35 லட்சம் கன மீட்டரைத் தாண்டுகிறது. அவருக்கு முன்னும் சரி, பின்னும் சரி, வேறு எந்த மன்னரும் இந்த அளவை எட்டவில்லை.

அளவை விடவும் முக்கியமானது வேறொன்று. நாலு பக்கமும் வழுவழுப்பாகச் சரிந்து உச்சியில் ஒரே புள்ளியில் கூடும் பிரமிடு, இவர் ஆட்சியில்தான் முதன்முதலாக உருவானது. அது ஒரே முயற்சியில் அமையவில்லை. எங்கே தவறு நடந்தது, எப்படிச் சமாளித்தார்கள், அடுத்த இடத்தில் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் இன்றும் அந்தக் கற்களிலேயே தெரிகிறது. பிரமிடுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் கீசாவுக்கு முன்னால் மெய்தூமுக்கும் தஹ்ஷூருக்கும் போக வேண்டும் என்பது அதனால்தான்.

ஸ்நெஃப்ரு நான்காம் அரச வம்சத்தின் முதல் மன்னர், காலம் கி.மு. 2600-ஐ ஒட்டியது. துரின் பாப்பிரஸ் என்ற பழைய மன்னர் பட்டியல் இவருக்கு 24 ஆண்டு ஆட்சி தருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஆண்டுகளுக்கு இன்றுபோல் எண் போடும் வழக்கம் இல்லை. நாடு முழுவதும் நடக்கும் கால்நடைக் கணக்கெடுப்பை வைத்து, ‘இத்தனையாவது கணக்கெடுப்பு நடந்த ஆண்டு’ என்று குறிப்பார்கள். ஸ்நெஃப்ருவின் 24ஆவது கணக்கெடுப்பு வரை குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. கணக்கெடுப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது என்பதால், ஆய்வாளர்கள் பலர் இவருடைய ஆட்சியை 30 ஆண்டுக்கு மேல், சிலர் 48 ஆண்டு வரைகூட நீட்டுகிறார்கள். மூன்று பிரமிடுகளின் வேலையைப் பார்த்தால் நீண்ட கணக்குதான் பொருத்தமாகப் படுகிறது.

படிப் பிரமிடின் உள்ளமைப்பு

ஸ்நெஃப்ருவுக்குக் கையில் கிடைத்த மாதிரி, சக்காராவில் மன்னர் ஜோசருக்காகக் கட்டிய படிப் பிரமிடு. ஆறு படி, 60 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். முதலில் நடுவில் ஒரு உயரமான கல் கோபுரம் எழுப்புவார்கள். அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கல் சுவர்களைப் போர்த்துவார்கள். வெளியே போகப் போகச் சுவரின் உயரம் குறையும். அந்த உயர வித்தியாசம்தான் நமக்குப் படியாகத் தெரிகிறது. ஒவ்வொரு சுவரும் உள்பக்கம் சாய்ந்து நிற்கும். கற்களையும் மட்டமாக வைக்காமல் உள்நோக்கிச் சரித்தே பதிப்பார்கள். சரித்துப் பதித்தால் கல் வெளியே வழுக்காது என்பது அவர்கள் எண்ணம்.

இந்த முறையில் ஒரு வசதி உண்டு. ஒரு படி முடிந்ததும் மேலே தட்டையான தளம் கிடைக்கும். கீழே ஏதாவது கோணல் நேர்ந்திருந்தால் அந்தத் தளத்தில் மறுபடி அளந்து திருத்திக்கொள்ளலாம். வழுவழுப்பான பிரமிடில் அந்த வாய்ப்பே இல்லை. அடித்தளத்தில் தொடங்கிய நான்கு மூலைக் கோடுகளும் நூறு மீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் சந்தித்தாக வேண்டும்.

சாய்வுக்கு ஒரு கணக்கு

எகிப்தியக் கொத்தனார்களுக்குப் பாகைக் கணக்கு கிடையாது. அவர்களிடம் இருந்தது அரச முழம்: ஏறத்தாழ 52.4 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கு 7 உள்ளங்கை அகலம். ஓர் உள்ளங்கைக்கு 4 விரற்கடை. ஆக ஒரு முழம் 28 விரற்கடை.

சாய்வை அவர்கள் இப்படிச் சொன்னார்கள்: ஒரு முழம் உயரம் ஏறினால் எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ள வேண்டும்? அந்த எண்ணுக்குப் பெயர் செகெட். செகெட் சிறிதானால் பக்கம் செங்குத்தாகும், பெரிதானால் படுத்துவிடும்.

மெய்தூம் பிரமிடில் போட்டுப் பார்க்கலாம். அதன் அடி 275 முழம், அதாவது சுமார் 144 மீட்டர். பாதி அடி 137.5 முழம், உள்ளங்கையில் 962.5. செகெட் ஐந்தரை. 962.5-ஐ 5.5-ஆல் வகுத்தால் 175. உயரம் 175 முழம், அதாவது சுமார் 92 மீட்டர். நாம் சொல்லும் கணக்கில் சாய்வு 51 பாகை 50 கலை (ஒரு பாகைக்கு 60 கலை).

இதே முறையில் வளைந்த பிரமிடின் கீழ்ப்பகுதி சரியாக 5 உள்ளங்கை (54 பாகைக்குச் சற்று மேல்). சிவப்புப் பிரமிடு ஏறத்தாழ ஏழரை உள்ளங்கை (43 பாகைக்குச் சற்று மேல்). இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பம் எல்லாம் எளிதாகிவிடும்.

வேலை நடக்கும்போது தூக்குக் குண்டும் மூலைமட்டமும் வைத்து ஒவ்வொரு உறைக்கல்லின் முகத்திலும் இந்தச் சாய்வைக் கோடு போட்டு வெட்ட வேண்டும். உறைக்கல் என்பது வெளியே தெரியும் மெருகேற்றிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல். நைல் நதியின் கிழக்குக் கரையில் துரா என்ற இடத்திலிருந்து படகில் வந்தது. உள்ளே அடுக்கியது அந்தந்த இடத்திலேயே வெட்டிய முரட்டுக் கல். முழத்துக்கு ஒரே ஒரு விரற்கடை தவறினாலும், 200 முழம் ஏறும்போது அந்தப் பக்கம் 200 விரற்கடை விலகியிருக்கும். அது ஏழு முழத்துக்கும் அதிகம். மூன்றே முக்கால் மீட்டர் கோணல்.

மெய்தூம்: போர்வை நழுவிய பிரமிடு

மெய்தூம் ஏழு படிகளோடு தொடங்கியது. பிறகு வெளியே இன்னொரு சுற்றுச் சுவர் சேர்த்து எட்டுப் படியாகப் பெரிதாக்கினார்கள். ஆட்சியின் பிற்பகுதியில், படிகளின் இடைவெளிகளைக் கல்லால் நிரப்பி வழுவழுப்பான பிரமிடாக மாற்றினார்கள்.

இன்று அங்கே போனால் பிரமிடைப் பார்க்க முடியாது. இடிபாட்டு மேட்டின் நடுவே 65 மீட்டர் உயரத்துக்குச் சதுரக் கோபுரம் ஒன்று நிற்கும். அது பழைய படிப் பிரமிடின் நடுப்பகுதி. பின்னால் சேர்த்த போர்வை முழுதும் போய்விட்டது.

காரணங்கள் மூன்று. முதலாவது, அஸ்திவாரம். உள்ளிருக்கும் படிப் பிரமிடு பாறைமீது நிற்கிறது. கடைசியாகச் சேர்த்த போர்வையின் அடி மணல்மீது பரப்பிய கல் பாவுமேல் நின்றது. பாறை இறங்காது, மணல் இறங்கும். இரண்டாவது, பிடிப்பு. படிப் பிரமிடின் வெளிச்சுவர்களை முன்பே மெருகேற்றி முடித்துவிட்டார்கள். அந்த வழுவழுப்பான முகத்தில் புதிய கல்லை ஒட்டி அடுக்கினால் இரண்டும் கோத்துக்கொள்வதில்லை. இன்று கோபுரத்தின்மேல் பட்டை பட்டையாகத் தெரிவது, மெருகேற்றிய பகுதியும் ஏற்றாத பகுதியும்தான். மூன்றாவது, மனிதர்கள். பிற்காலத்தில் நல்ல உறைக்கல்லை அடியிலிருந்து உருவி எடுத்தார்கள். அடி போனால் மேலே இருப்பது நிற்காது.

இணையத்தில் அடிக்கடி சுற்றும் ஒரு விளக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ‘கட்டும்போதே மெய்தூம் மொத்தமாகச் சரிந்து விழுந்தது, அதைப் பார்த்துப் பயந்துதான் தஹ்ஷூரில் சாய்வைக் குறைத்தார்கள்’ என்பது அது. இயற்பியலாளர் குர்ட் மெண்டெல்சோன் 1974இல் விரிவாக எழுதிய கருத்து. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிரமிடின் கிழக்கு அடியில் ஒட்டினாற்போல ஒரு சிறிய கல் கோயில் இன்றும் முழுசாக நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, மூன்றாம் துத்மோஸ் காலத்தில் வந்த எழுத்தர் ஒருவர், ஸ்நெஃப்ருவின் அழகான கோயிலைப் பார்க்க வந்ததாக அதன் சுவரில் எழுதிவைத்திருக்கிறார். பிரமிடு முன்பே விழுந்திருந்தால் அந்தக் கோயில் இடிபாட்டுக்குள் புதைந்திருக்கும். தேதிகளும் ஒத்துவரவில்லை: மெய்தூமுக்குப் போர்வை போட்டது தஹ்ஷூர் வேலை தொடங்கியதற்குப் பிந்திய காலத்தில். சரிவு பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது என்று கொள்வதே சரி.

மெய்தூமில் நிலைத்துவிட்ட விஷயங்களும் உண்டு. வடக்குப் பக்கத்தில் உயரத்தில் வாசல், அங்கிருந்து கீழே இறங்கும் குறுகிய சாய்வழி, கிழக்கே கோயில், கோயிலிலிருந்து சமவெளிக்குப் போகும் நடைபாதை என்ற அமைப்பு இங்கே தொடங்கிப் பின்வந்த மன்னர்களுக்கும் தொடர்ந்தது. கல்லறை அறைக்குக் கூரை போடும் முறையும் இங்கேதான் வந்தது. இரு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையை விடச் சற்று உள்ளே நீட்டிப் பதித்துக்கொண்டே போனால், மேலே இரு பக்கமும் நெருங்கி மூடிக்கொள்ளும். நீளமான உத்தரம் தேவையில்லை. மேலே இருக்கும் பெரும் சுமை பக்கச் சுவர்களுக்குப் போய்விடும்.

வளைந்த பிரமிடு

கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் தஹ்ஷூர். ஸ்நெஃப்ரு தன் தலைமை இடத்தை இங்கே மாற்றிக்கொண்டு, முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்தே வழுவழுப்பான பிரமிடாகத் திட்டமிட்ட ஒன்றை ஆரம்பித்தார். சிக்கல் எல்லாம் இங்கேதான் வந்தது.

முதல் திட்டத்தில் அடி சுமார் 157 மீட்டர், சாய்வு ஏறத்தாழ 60 பாகை. மிகச் செங்குத்து. அதை நிறுத்திய இடமோ இறுகாத சரளையும் களிமண்ணும் கலந்த தரை. பாரம் ஏற ஏறத் தரை இறங்கியது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்கியிருந்தால்கூடப் பெரிய கெடுதல் இல்லை. நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இறங்கினால்தான் கட்டடம் கிழியும். கற்களை உள்நோக்கிச் சரித்துப் பதித்த பழைய முறை இங்கே எதிராக வேலை செய்தது. நடுப்பகுதி அமுங்கும்போது, சரிந்திருந்த வெளி வரிசைகள் முழுப் பாரத்தையும் உள்ளே தள்ளி அறைகளின் சுவர்களை நெருக்கின.

முதலில் செய்தது, சுற்றிலும் சுமார் 16 மீட்டர் தடிமனுக்கு ஒரு கல் அரணைச் சேர்த்தது. அடி 189 மீட்டராக அகன்றது. சாய்வு செகெட் 5-க்கு, அதாவது 54 பாகைக்கு இறங்கியது. அதுவும் போதவில்லை. 47 மீட்டர் உயரம் வந்தபோது சாய்வை 43 பாகைக்குத் தடாலென்று மாற்றினார்கள். அந்த முறிவுதான் பிரமிடுக்கு இன்றைய பெயரைத் தந்தது.

இந்த மாற்றத்தால் எவ்வளவு பாரம் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 47 மீட்டர் உயரத்தில் பக்கத்தின் நீளம் சுமார் 122 மீட்டர். பழைய சாய்விலேயே போயிருந்தால் மேலே இன்னும் 86 மீட்டர் ஏறியிருக்கும். மொத்த உயரம் 133 மீட்டர். மேல்பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 27 ஆயிரம் கன மீட்டர் கல் வேண்டும். புதிய சாய்வில் மேலே 58 மீட்டரே. கல் 2 லட்சத்து 88 ஆயிரம் கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கன மீட்டருக்கு 2.3 டன் என்று வைத்தால் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் தலைமேல் ஏறாமல் தப்பியது. முடிந்த உயரம் 105 மீட்டர்.

சாய்வு மாறிய அதே உயரத்தில் இன்னொன்றும் மாறியது. கீழே உள்நோக்கிச் சரிந்து கிடக்கும் கற்கள், மேலே மட்டமாகப் படுத்திருக்கின்றன. பார்வைக்குப் பெரிதாகத் தெரியாத இந்த மாற்றத்தையே நான் அதிகம் மதிக்கிறேன். சாய்வைக் குறைப்பது அவசர வைத்தியம். கல்லை மட்டமாகப் பதிப்பது அடுத்த பிரமிடுகள் அனைத்துக்கும் உதவிய தீர்வு. உறைக்கல் உடைந்த கீழ் மூலைகளில் நின்று பார்த்தால் வரிசைகள் உள்ளே சரிவது வெறும் கண்ணுக்கே தெரியும்.

உள்ளே போனால் நெருக்கடியின் தடயங்கள் இன்னும் அருகில் தெரியும். இந்தப் பிரமிடுக்கு இரண்டு வாசல்: வடக்கே 12 மீட்டர் உயரத்தில் ஒன்று, மேற்கே 33 மீட்டர் உயரத்தில் ஒன்று. வழிகளின் சுவரிலும் கூரையிலும் விரிசல்கள். அவற்றை ஜிப்சம் சாந்து கொண்டு பூசியிருக்கிறார்கள். பூச்சு விரிசலை மறைக்கும், பாரத்தைத் தாங்காது. மேல் அறையில் சுவருக்குச் சுவர் முட்டுக் கொடுத்த தேவதாரு மரத்தண்டுகள் 4,600 ஆண்டுகளாக அப்படியே நிற்கின்றன. சுவர்கள் நெருங்கி வராமல் தடுக்க வைத்தவை என்றே அவற்றைக் கருதுகிறார்கள்.

அந்த மரம் எகிப்தில் விளைவதில்லை. லெபனான் மலைகளிலிருந்து கடல் வழியாக வந்தது. பலெர்மோ கல் என்ற பழைய அரச ஆண்டுக்குறிப்பில் ஸ்நெஃப்ரு காலத்துப் பதிவுகள் கொஞ்சம் பிழைத்திருக்கின்றன. ஓர் ஆண்டில் மரம் ஏற்றிய 40 கப்பல்கள் வந்தன. 100 முழ நீளக் கப்பல் கட்டப்பட்டது. 35 பண்ணைக் குடியிருப்புகளும் 122 மாட்டுப் பண்ணைகளும் நிறுவப்பட்டன. எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாமீது படையெடுத்து 7,000 பேரையும் 2 லட்சம் கால்நடைகளையும் கொண்டுவந்ததாகவும் ஒரு வரி. அரசர்கள் தங்கள் வெற்றியைப் பற்றி எழுதிய எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மாட்டுப் பண்ணை, குடியிருப்பு, கப்பல் என்ற வரிசை முக்கியம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு ரொட்டியும் பீரும் இறைச்சியும் வராமல் ஒரு கல்லும் நகராது. வளைந்த பிரமிடின் கீழ்க்கோயிலில், ஸ்நெஃப்ருவின் பெயர் தாங்கிய பண்ணைகள் பெண் உருவங்களாகப் படையல் ஏந்தி வரிசையாக நடந்துவரும் புடைப்புச் சிற்பங்கள் உண்டு. அகமது ஃபக்ரி 1950களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்தவை. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் எந்தப் பண்ணை என்று அவை பிரித்துக் காட்டுகின்றன. பிரமிடுக்குப் பின்னால் இருந்த நிர்வாகத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் சான்று அந்தக் காலத்துக்கு அரிது.

சிவப்புப் பிரமிடு

வளைந்த பிரமிடு முடிந்தாலும் மன்னருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை போலும். வடக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி மூன்றாவதைத் தொடங்கினார். அடி 220 மீட்டர், உயரம் 105 மீட்டர். சாய்வு தொடக்கம் முதலே 43 பாகை. கற்கள் அடியிலிருந்தே மட்டமாகப் பதிக்கப்பட்டன. வளைந்த பிரமிடின் மேல்பாதியில் பலித்ததை அப்படியே கீழிருந்து செய்தார்கள். முழுசாகத் திட்டமிட்டு, திட்டத்தை மாற்றாமல் முடித்த முதல் வழுவழுப்பான பிரமிடு இதுதான். வெள்ளை உறையைப் பிற்காலத்தில் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டதால் உள்ளே இருந்த செந்நிறச் சுண்ணாம்புக்கல் வெளியே தெரிகிறது. இன்றைய பெயர் அதனால் வந்தது.

வேலையின் வேகத்தை இங்கே நேரடியாக அளக்க முடிகிறது. ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனத்தின் ரைனர் ஸ்டாடெல்மன் குழு, அடித்தள மூலைக் கல்லில் 15ஆவது கணக்கெடுப்பு ஆண்டைக் குறிக்கும் எழுத்தைக் கண்டது. 30 வரிசை மேலே இருந்த கல்லின் தேதி ஏறத்தாழ நான்கு ஆண்டு பிந்தியது. 30 வரிசை குறைவாகத் தோன்றலாம். ஆனால் பிரமிடின் கல்லெல்லாம் அடியில்தான் இருக்கிறது: பாதி உயரம் எட்டுவதற்குள் மொத்தக் கல்லில் எட்டில் ஏழு பங்கு வைத்து முடிந்திருக்கும்.

உள்ளே இறங்க 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள தாழ்ந்த சாய்வழி; குனிந்துதான் போக வேண்டும். கீழே இரண்டு முன்னறைகள், அங்கிருந்து உயரத்தில் ஒரு வழி, அதன் முடிவில் 15 மீட்டர் உயரக் கல்லறை அறை. மூன்று அறைக்கும் அதே உள்நீட்டுக் கூரைதான். முன்னறைகளில் 11 வரிசைக் கற்கள் படிப்படியாக நெருங்கி 12 மீட்டர் உயரத்தில் கூடுகின்றன. மேலே பதினாறு லட்சத்துக்கும் அதிகமான கன மீட்டர் கல் உட்கார்ந்திருக்கிறது; கூரையில் வளைந்த பிரமிடில் கண்ட மாதிரியான சேதம் இல்லை.

வடதிசையைப் பிடிப்பதிலும் கை தேறிக்கொண்டே வந்தது. மெய்தூமின் பக்கங்கள் உண்மையான வடக்கிலிருந்து பாகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலகியிருக்கின்றன. வளைந்த பிரமிடில் அது குறைகிறது, சிவப்புப் பிரமிடில் இன்னும் குறைகிறது. கூஃபுவின் பிரமிடில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஸ்நெஃப்ருவின் மகன் நெஃபர்மாத் அவருக்கு முதலமைச்சர். நெஃபர்மாத்தின் மகன் ஹெமியுனு கூஃபுவிடம் அதே பதவியில் இருந்தார். பெரிய பிரமிடின் வேலையை நடத்தியவர் அவரே என்று கருதப்படுகிறது. அனுபவம் ஒரே குடும்பத்துக்குள் கைமாறியது. கீசாவில் அவர்கள் முதலில் உறுதிசெய்துகொண்டது திடமான பாறைத் தளம். கற்களை மட்டமாகப் பதித்தார்கள். தரை நம்பகமாக இருந்ததால் சாய்வுக்கு 43 பாகை வேண்டியிருக்கவில்லை. மெய்தூமின் செகெட் ஐந்தரைக்கே திரும்பினார்கள். அடி 440 முழம், உயரம் 280 முழம். மேலேறும் பெருவழிக்கு உள்நீட்டுக் கூரையையே வைத்துக்கொண்டார்கள். மன்னரின் அறைக்கு மட்டும் அதை விட்டுவிட்டு, அஸ்வானிலிருந்து கொண்டுவந்த ஒன்பது கருங்கல் உத்தரங்களைத் தட்டையாகப் பரப்பினார்கள். அவை தெற்குச் சுவரை ஒட்டி விரிசல் விட்டிருக்கின்றன.